குளக்கரையா, வீதி மரமா, குறுங்காடா, பூங்காவா? யாழ்ப்பாணத்து வட்டாரம் ஒன்று எதைத் தேர்வது

ஊருக்குள் பொதுவாக ஒரு பசுமை இடம் வேண்டும் என்பதில் யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களில் இன்று யாருக்கும் மறுப்பில்லை. 2009க்குப் பிறகு நகரமும் அதை ஒட்டிய கொக்குவில், திருநெல்வேலி, நல்லூர், கொழும்புத்துறைப் பக்கங்களும் வேகமாக நிரம்பிவிட்டன. முன்பு நான்கு பரப்பு (ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றர்) வளவில் ஒரு வீடு இருக்கும். பின்வளவில் மாவும் பலாவும் தென்னையும் நிற்கும். அதே வளவு பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிபட்டு, இன்று மதிலோடு மதில் முட்ட மூன்று வீடுகள் எழுந்துவிட்டன. இந்த நகரத்தின் நிழலில் பெரும்பங்கு வளவுகளுக்குள்தான் இருந்தது. வளவு சுருங்கியதும் வீதியில் நடக்கிறவருக்கு வெயில் மட்டுமே மிஞ்சியது.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் சேர்த்து அனுப்பிய தொகை ஒன்று கையில் இருக்கும். ஒருவர் குளத்தைத் தூர்வாரலாம் என்பார். இன்னொருவர் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கியும் உள்ள பூங்கா கேட்பார். இளையவர்கள் மரங்களை நெருக்கி நடும் குறுங்காடு என்பார்கள். வீதியோரம் மரம் வைத்தால் போதாதா என்று நாலாவது குரல் எழும். நான்கும் நல்லவைதான். ஆனால் நான்குக்கும் வேண்டிய நிலமும் நீரும் கையாட்களும் வேறு வேறு.

## முதலில் எதை அளப்பது

நடுகை நாளை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். வட மாகாணத்தில் கார்த்திகை மரநடுகை மாதம்; அந்த மழைக்கு எந்தக் கன்றும் தளிர்க்கும். மூன்றாம் வருடத்து ஆவணி மாதத்தில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பாதி வாதங்களை முடித்துவிடும்.

தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழுள்ள உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. அதாவது கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால், மேலே குறைவது சிறிதாகத் தெரிந்தாலும் கீழிருந்து உவர் பன்மடங்கு ஏறும். பசுமைக்காக அயல்வீட்டுக் கிணறுகளை உவராக்குவது எவ்விதத்திலும் நியாயமல்ல.

நிலத்தின் உரித்து. "எல்லாருக்கும் பொதுவான காணி" என்ற வாய்ச்சொல் போதாது. மாநகரசபையா, பிரதேச சபையா, வீதி அபிவிருத்தி அதிகாரசபையா, கமநல அபிவிருத்தித் திணைக்களமா, கோயிலா, தனியாரா என்று எழுத்தில் தெரிந்த பிறகே மண்வெட்டி எடுங்கள்.

மூன்றாம் வருடத்து ஆள். நன்கொடை ஒருமுறை வரும். தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சம்பளம் மாதாமாதம் வேண்டும். ரூபாய்க் கணக்கு அடிக்கடி மாறுவதால் கீழே லீற்றரிலும் ஆள்வேலையிலும்தான் கணக்குச் சொல்லியிருக்கிறோம்.

யார் வந்து இருப்பார்கள். வயதானவர்கள், பெண்கள், சிறு பிள்ளைகள் ஆகிய மூன்று தரப்பும் பின்னேரம் 5 மணிக்கு அங்கே வந்து இருக்க முடியுமா?

அளவைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்திய அலுவலகம் 2016இல் முன்வைத்த அளவுகோல், வீட்டிலிருந்து 300 மீற்றருக்குள் குறைந்தது அரை ஹெக்டேயர் பசுமை வெளி என்பது. ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். எனவே அரை ஹெக்டேயர் என்பது 20 பரப்புக் காணி. நகருக்குள் 20 பரப்பு ஒரே துண்டாக எங்கே கிடைக்கும் என்று தேடினால் மிஞ்சுவது பாடசாலை மைதானம், கோயில் வெளிவீதி, குளம்.

## குளமும் குளக்கரையும்

வட்டாரத்துக்குள் ஒரு குளம் இருந்தால் முதற் பணத்தை அதற்கே போடுங்கள். நிலம் ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது. மழைவெள்ளம் வந்து சேரும் இடமும் அதுதான். தேங்கும் நீர் நிலத்துக்குள் இறங்கிச் சுற்றுக் கிணறுகளுக்கு ஊறுகிறது. கரை மரங்களின் வேர் ஈரத்தைத் தானே தேடிக்கொள்வதால் இரண்டு கோடைக்குப் பிறகு தண்ணீர்ச் செலவு அநேகமாக இல்லை. ஆரியகுளத்தை மாநகரசபை 2021இல் சீரமைத்த பின், குளக்கரையில் மக்கள் வந்து நடப்பார்களா என்ற சந்தேகமும் தீர்ந்தது.

ஆனால் குள வேலையில் பிழை விட்டால் திருத்துவது கடினம். முதல் வேலை நில அளவை. அளவையாளர் எல்லைக்கல் போடாமல் தூர்வாரத் தொடங்கினால், கரையோரம் மதில் கட்டியிருப்பவருடன் வரும் பிணக்கு வேலையை நடுவில் நிறுத்திவிடும். வயலுக்குப் பாயும் குளமாக இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்துக்குள் வரும். கமநல சேவை நிலையத்தின் சம்மதம் வேண்டும். கோயில் கேணி என்றால் கோயிலோடு பேச வேண்டும்.

அடுத்தது ஆழம். "நல்லா ஆழமாக் கிண்டி விடுங்கோ" என்பதுதான் பெக்கோக்காரருக்குக் கரையில் நிற்பவர்கள் சொல்வது. அதைச் செய்யக் கூடாது. வாரவேண்டியது மேலே படிந்த கரிய வண்டல் மட்டும். அதற்குக் கீழுள்ள களித்தரை நீரை மெல்ல மெல்ல இறக்குகிறது. அழுக்கை வடிக்கவும் செய்கிறது. அதைப் பிளந்து சுண்ணக்கல் வெடிப்பு வரை போனால் கேடுதான். குளம் தை மாதத்திலேயே வற்றிவிடும். கூடவே வீதி அழுக்கு வடிபடாமல் நேரே கிணறுகளுக்குப் போய்ச் சேரும். கடலோரமாக இருந்தால் உவர் ஊற்றே திறந்துவிடும். எனவே வாருவதற்கு முன் நான்கு ஐந்து இடங்களில் கையால் குழி வெட்டி, வண்டல் எத்தனை அடி என்று அளந்து, அந்த அளவை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கரையை நேர்ச்சுவராகக் கொங்கிறீட்டில் கட்டுவது பார்வைக்குத் துப்புரவு. பிள்ளை விழுந்தால் ஏற முடியாது, மாடும் ஏறாது. மாரியில் மண் ஊறிப் பின்னிருந்து தள்ளும்போது, நீர் வடியத் துளை விடாத சுவர் வெடித்துச் சாயும். ஒரு பக்கம் படிக்கட்டு வைத்து, மற்றப் பக்கங்களை ஓரடி உயரத்துக்கு இரண்டு மூன்றடி அகலம் என்ற சரிவில் விட்டு, வெட்டிவேரை அரையடி இடைவெளியில் வரிசையாக நட்டால் மண் கரையாது. நடைபாதைக்கு ஆறடி அகலத்தில் கிரவல் போட்டு இறுக்கினால் போதும். இன்ரர்லொக் கல்லுக்குப் போகும் பணத்தை வரத்து வாய்க்காலுக்குச் செலவிடுங்கள்.

குளத்தின் உண்மையான செலவு வரத்து வாய்க்காலில்தான் ஒளிந்திருக்கிறது. மேலே உள்ள வீடுகளின் கழிவுநீரும் வாகனத் திருத்தகத்தின் எண்ணெயும் வந்து சேருமானால், எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அடுத்த கோடையில் நாறும். வாய்க்கால் குளத்தில் விழும் இடத்தில் மூன்று அறை கொண்ட வண்டல் தொட்டி கட்டி, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் வழித்து எறிய வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு நாள் வேலை. அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் பத்து வருடத்துக்குள் மறுபடி தூர்வார வேண்டியதுதான். வாரிய வண்டலை எங்கே கொட்டுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அனுமதி இல்லாமல் மண் ஏற்றிய வண்டி வீதிக்கு இறங்கினால் மறிப்பார்கள். பொலித்தீன் கலந்த வண்டலைத் தோட்டக்காரரும் வாங்கமாட்டார்.

"குளம் வைத்தால் டெங்கு வரும்" என்ற மறுப்பு எல்லாக் கூட்டத்திலும் எழும். டெங்கு நுளம்பு பெரும்பாலும் சிறு ஏனங்களில் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுவது; மீன் உள்ள திறந்த குளம் அதற்கு ஏற்ற இடமல்ல. கரையில் எறியப்படும் யோகட் கப்பும் இளநீர்க் கோம்பையுமே அதற்கு இடம் கொடுக்கின்றன. ஆகவே குப்பை பொறுக்கும் ஒழுங்கு இல்லாத குளக்கரை அந்த மறுப்பை உண்மையாக்கிவிடும். ஆகாயத்தாமரை ஒரு கைப்பிடி வந்தாலும் அன்றே பிடுங்குங்கள்.

மரம் என்று வரும்போது மருது, நாவல், புங்கை, இலுப்பை. மண்ணால் கட்டிய அணையின் உச்சியில் பெருமரம் வேண்டாம். வேர் செத்து உக்கும் வழியே நீர் கசியும். அணைக்கு வெளிப்புறத் தரையில் நடுங்கள்.

## வீதியோர மரங்கள்

தனியாகக் காணி இல்லாத வட்டாரத்துக்கு இதுதான் வழி. நிழல் மிகவும் தேவைப்படுவது பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைக்கும் பஸ்சுக்கு நிற்பவருக்கும். அவர்கள் இருக்கும் இடத்துக்கே நிழலைக் கொண்டுபோவது இது மட்டுமே. ஒரு கிலோமீற்றர் வீதியில் ஒரு பக்கம் 10 மீற்றருக்கு ஒன்று வைத்தால் 100 மரம்.

முதல் கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை 20 லீற்றர். நூறு கன்றுக்கு வாரம் 4,000 லீற்றர். மாசி முதல் புரட்டாசி வரை 32 வாரம் என்றால் 128,000 லீற்றர். இரண்டாம் கோடையில் அதில் பாதி. மூன்றாம் கோடையில் இரு வாரத்துக்கு ஒருமுறை போதும். சித்திரையில் ஒரு மழை விழுந்தால் ஒரு சுற்றுக் குறையும். பவுசரை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஒரு மரம் என்று ஒப்படைத்தால் இந்தச் செலவு பெரிதும் கரைந்துபோகும். பாடசாலையின் கைகழுவும் நீர், பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூ நீர் போன்றவற்றைக் குழாயில் திருப்பினால் பக்கத்து ஐந்தாறு மரத்துக்குக் கோடை முழுவதும் தண்ணீர்.

கிடங்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். வலிகாமத்துச் செம்மண்ணில் இது ஓர் ஆளின் அரைநாள் வேலை. கல்லுத்தரையில் அலவாங்கால் உடைக்க ஒரு நாள் முழுதும் போகும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். கல்லைக் குடைந்த கிடங்கு அடியில் வெடிப்பு இல்லாவிட்டால் தொட்டிபோல நீரைப் பிடித்துவைக்கும். கார்த்திகை மழையில் வேர் அழுகிக் கன்று மார்கழியிலேயே மஞ்சளாகும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அடியை இன்னும் உடைக்க வேண்டும், அல்லது நாலடி தள்ளி வெட்ட வேண்டும். நிரப்புவதற்கு இரண்டு பங்கு மண், ஒரு பங்கு நன்றாக உக்கிய மாட்டெரு. பச்சை எருவுக்குக் கறையான் ஏறும்.

கன்று நாலைந்து அடி உயரம் இருக்கட்டும். சிறிய கன்று ஆட்டுக்குத்தான் தீனி. பையைக் கிழித்து முற்றாக அகற்றுங்கள், அடியில் சுருண்ட வேரை வெட்டிவிடுங்கள். அப்படியே நட்டால் மூன்று நான்கு வருடம் நன்றாக நின்றுவிட்டு, சோளகக் காற்றில் ஒருநாள் வேரோடு சாயும். காப்புக்கு இரும்புக் கூடு அவசியமில்லை. பனைமட்டை வரிந்த வேலி இரண்டு வருடம் தாங்கும். கம்போடு கட்டுவது தும்புக் கயிற்றால். கம்பியால் கட்டினால் மரம் பருக்கப் பருக்க அது பட்டைக்குள் இறங்கி அறுக்கும்.

மின்கம்பி இல்லாத பக்கத்தில் வேம்பு, புங்கை, இலுப்பை. கம்பிக்குக் கீழே மந்தாரை, சரக்கொன்றை போன்ற சிறிய மரங்கள். கம்பிக்கடியில் வேம்பை வைத்தால் மின்விநியோகப் பிரிவினர் வருடாவருடம் மொட்டையடிப்பார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கரையோரத்தில் உவர்க்காற்றைத் தாங்குபவை பூவரசும் புன்னையும். ஆலும் அரசும் வீதிக்கு வேண்டவே வேண்டாம். கிணற்றுக் கட்டையும் வடிகாலையும் பிளக்கும். நிழல்வாகை வேகமாக வளரும், வேர் வீதியைத் தூக்கும், காற்றில் கொப்பு முறியும்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, வீதி அகலிப்பு: வரைபடத்தில் அகலிப்பு எல்லை எங்கே என்று அதிகாரசபையில் கேட்காமல் நட்டால், மரம் நிழல் தரத் தொடங்கும் வருடத்தில் தறிபடும். இரண்டு, நடைபாதைக் கல்: அடிமரம்வரை கல் பதித்தால் வேருக்கு நீரும் காற்றும் இல்லை. குறைந்தது ஒரு மீற்றர் சதுரம் வெறும் மண்ணாக விடச் சொல்லி ஒப்பந்தகாரரிடம் எழுதி வாங்குங்கள்.

## குறுங்காடு

ஜப்பானியத் தாவரவியலாளர் அக்கிரா மியாவாக்கி வகுத்த முறை: மண்ணைப் பதப்படுத்தி, அந்த மண்ணுக்குரிய மரங்களைச் சதுர மீற்றருக்கு மூன்று நான்கு என்று நெருக்கி நடுவது. ஒரு பரப்புக்கு 750 முதல் 1,000 கன்று. வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு வேகமாக உயரும்; மூன்று வருடத்துக்குப் பிறகு கைவிட்டாலும் நிற்கும். அந்தக் கடைசிக் குணம்தான் இதன் பெரும்பலம்.

இங்கே தடை மண். மூன்றடிக்குப் பதமான மண் வேண்டும். பல இடங்களில் ஓரடியில் கல் முட்டும். வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்புவதென்றால் வேறொரு காணியைக் கிண்டுகிறோம் என்று அர்த்தம். இருக்கும் மண்ணோடு உமி, தும்புத்தூள், எரு கலந்து, மேலே அரையடிக்கு வைக்கோல் மூடாக்கு இட வேண்டும். முதல் இரண்டு கோடையில் ஒரு பரப்புக்கு நாளொன்றுக்கு 1,000 லீற்றர். பாலை, முதிரை, நாவல், விளா, இலுப்பை, கொன்றை, வேம்பு என்று பலவகைக் கன்றுகள் ஒரே வேளையில் கிடைப்பதும் அரிது. ஒரு வருடம் முன்னரே நாற்றுமேடையில் சொல்லிவைக்காவிட்டால் கடைசியில் ஆயிரமும் வேம்பாகவே வந்து இறங்கும்.

உள்ளே யாரும் போய் இருக்க முடியாது என்பதை ஊருக்கு முதலே சொல்லிவிடுங்கள். ஒழுங்கையின் இரு பக்கமும் அடர்ந்து இருண்டால் பெண்கள் அந்த வழியைத் தவிர்ப்பார்கள். பாம்புப் பயமும் வரும், குப்பையும் எறியப்படும். பாடசாலை எல்லை, சுடலை ஓரம், வாகனத் தூசி வரும் மூலைக் காணி ஆகியவற்றுக்கு இது நல்லது. வீடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரே வெறுங்காணியைக் குறுங்காடாக்குவது தவறு.

ஏற்கெனவே பனங்கூடல் நிற்கும் காணி என்றால் அதைத் துப்புரவாக்கிக் குறுங்காடு நட வேண்டாம். பனைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இடைவெளியில் ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் விதையைப் புதைத்து, பாதினியக் களையைப் பூக்க முன் பிடுங்கினால் போதும்.

## புல்தரைப் பூங்கா

பணம் தருபவருக்கு மிகவும் பிடித்தது இது. திறப்புவிழாப் படமும் அழகாக இருக்கும். கணக்கைப் பாருங்கள். நான்கு பரப்புப் புல்லுக்கு, சதுர மீற்றருக்கு 4 லீற்றர் என்றாலும், நாளொன்றுக்கு 4,000 லீற்றருக்கு மேல். நூறு வீதி மரம் ஒரு வாரத்தில் குடிப்பதை இது ஒரே நாளில் குடிக்கிறது, அதுவும் ஒவ்வொரு வருடமும். புல்வெட்ட ஆள், காவலுக்கு ஆள், மின்கட்டணம். உப்புக்காற்றில் ஊஞ்சல் சங்கிலி துருவேறும். நிழலில்லாத சறுக்கியில் காலை 10 மணிக்குப் பிறகு பிள்ளையை இருத்த முடியாது. மலசலகூடம் கட்டிவிட்டுக் கழுவ ஆள் போடாவிட்டால் அது சில மாதங்களில் பூட்டப்படும்.

இருந்தும், பூங்கா வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. குருநகர் போன்ற நெருக்கமான கரையோரக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வளவே இல்லை. பிள்ளைகள் வீதியில் விளையாடுகிறார்கள். அங்கே முதல் தேவை மரத்தின் எண்ணிக்கை அல்ல, ஓடி விளையாடும் தரை. இன்னொரு காரணமும் உண்டு. கோயில் வெளிவீதிகள் நமக்கு நல்ல நிழல் வெளிகள். ஆனால் சாதியும் மதமும் பார்க்காமல் எல்லாரும் ஒரே உரிமையோடு வந்து இருக்க முடிகிறவை அல்ல எல்லா வீதிகளும். பொதுப் பூங்கா அந்த உரிமையைத் தரும். அதற்காகவே அது சில இடங்களில் அவசியம்.

அப்படியானால் புல்லைக் குறைத்துக் கட்டுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வீதியில் மணல் பரப்புவதைப் பார்த்த ஊருக்கு மணல்தரை புதிதல்ல. முக்கால் பங்கு மணல், அதைச் சுற்றி நிழல் மரம், ஒரு மூலையில் மட்டும் அறுகம்புல். அறுகு கோடையில் காய்ந்து மாரியில் தானே துளிர்க்கும். முதலாம் வருடம் மரம், மூன்றாம் வருடம் விளையாட்டுப் பொருள் என்ற ஒழுங்கில் செய்தால் சறுக்கியும் சுடாது. சுண்டுக்குளியில் பழைய பூங்காவின் பெருமரங்களுக்குக் கீழே போய் நின்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அரசாங்க அதிபராக இருந்த டைக் தொடக்கிய தோட்டம் அது. இன்றும் அங்கே ஆட்களை இழுப்பது நிழல்தான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | குளக்கரை | வீதி மரம் (100) | குறுங்காடு (1 பரப்பு) | புல்தரைப் பூங்கா (4 பரப்பு) |
|---|---|---|---|---|
| முதற் கோடை நீர் | மிகக் குறைவு | வாரம் 4,000 லீற்றர் | நாள் 1,000 லீற்றர் | நாள் 4,000 லீற்றர் |
| மூன்றாம் வருடத்துக்குப் பின் நீர் | இல்லை எனலாம் | மிகக் குறைவு | இல்லை | அதே அளவு |
| தொடர் வேலை | வாய்க்கால் வழித்தல், குப்பை | கொப்பு வெட்டல் | குப்பை | தினமும் ஆள் |
| நிழல் வரும் காலம் | 5 முதல் 8 வருடம் | 5 முதல் 8 வருடம் | 3 வருடம், வெளியிலிருந்து மட்டும் | மரத்தை முதல் நட்டால் 5 வருடம் |
| வெள்ளத்துக்கு உதவி | பெரிது | சிறிது | ஓரளவு | கல் பதித்தால் தீமை |
| கெடுப்பது | கழிவுநீர், அதிக ஆழம் | வீதி அகலிப்பு, ஆடு | ஆழமற்ற மண் | தண்ணீர், சம்பளம் |

கையிலுள்ள தொகை சிறிதென்றால் குளத்தை முழுதாகத் தொடாமல் வரத்து வாய்க்காலையும் வண்டல் தொட்டியையும் மட்டும் செய்யுங்கள். கரை மரம் அடுத்த மாரிக்கு நிற்கட்டும். எந்தத் திட்டமானாலும் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை நிலையான வைப்பில் போட்டு, அதன் வட்டியில் தண்ணீர் ஊற்றுபவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். மதிலுக்கும் பெயர்ப்பலகைக்கும் முதலில் செலவழித்தால் இந்தப் பங்குதான் காணாமல் போகும்.

## மாத ஒழுங்கு

தை, மாசியில் உரித்து விசாரணை, நில அளவை, கன்றுக்குச் சொல்லிவைத்தல். ஆனி, ஆடியில் குளம் வற்றியிருக்கும்போது தூர்வாருதல். ஆவணியில் கிடங்கு வெட்டி ஒரு மாதம் வெயிலில் விடுதல். ஐப்பசி நடுப்பகுதியில் மண் நாலு விரற்கடை நனைந்ததும் நடுகை. கார்த்திகைக் கடைசிக்குள் முடிந்துவிட வேண்டும். மார்கழியில் நட்ட கன்றுக்கு வேர் இறங்க முன் மழை முடிந்துவிடும். தை கடைசியில் அடியைச் சுற்றிப் பாத்தி கட்டி, வைக்கோலோ காய்ந்த ஓலையோ மூடாக்காகப் போட்டு, மாசியிலிருந்து தண்ணீர். ஊற்றும் கிணற்று நீர் உவரா என்று நாக்கில் வைத்தாவது பாருங்கள். உவர்நீர் ஊற்றினால் இளங்கன்றின் இலை ஓரம் கருகும்.

அடுத்த புரட்டாசியில் கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பத்தில் இரண்டு பட்டிருந்தால் அந்த மாரியில் பதில் கன்று வையுங்கள். பத்தில் ஐந்து பட்டிருந்தால் கன்று வாங்க வேண்டாம். தண்ணீர் ஊற்றும் ஒழுங்கைத் திருத்தி, நிற்கும் ஐந்தையும் இன்னொரு கோடை கடத்திய பிறகே புதிதாக நடுங்கள்.